கோழை மன்னனும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும்

குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எதைக் கையில் எடுத்தாலும் அதில் என்ன குறை என்று தேடுகிற புத்தி அவனுக்கு வந்துவிடும். தட்டில் இட்லி விழுந்தால்கூட ஒரு பக்கம் கனம் ஜாஸ்தி என்பான். மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் ஆறு வருஷமாக நான் பார்த்தது அந்த வேலைதான். அந்த ஆறு வருஷத்தில் நான் திருப்பி அனுப்பிய போல்ட்டுகளை யாரும் எண்ணவில்லை. திருப்பி அனுப்பிய வரன்களை மட்டும் என் அம்மா எண்ணி வைத்திருந்தாள். பதினொன்று.

காரணங்களை எழுதவே இப்போது கை கூசுகிறது. ஒரு பெண் ஃபோட்டோவில் லேசாகச் சாய்ந்து நின்றாள் என்று வேண்டாமென்றேன். (ஃபோட்டோ எடுத்தவன் கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறான். அது எனக்கு உறைக்கவில்லை.) இன்னொரு வீட்டில் எனக்குக் கொடுத்த காபி டம்ளர் மேஜைமேல் ஆடியது. டம்ளர் ஆடினால் பெண் என்ன செய்வாள் பாவம்?

பன்னிரண்டாவது வரன் நித்யா. பூந்தமல்லி கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். அப்பா ஏகாம்பரம் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, திருவேற்காட்டில் வீடு கட்டிக் குடிபோனவர். பெரியவர்கள் சம்மதத்தோடு அவளிடம் ஒரே ஒரு தடவை ஃபோனில் பேசினேன்.

"குவாலிட்டின்னா என்ன வேலை?" என்றாள்.

"தப்பு கண்டுபிடிக்கறது."

"அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா? எங்க அத்தை அதைச் சும்மாவே பண்றாங்களே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவ்வளவுதான், நான் காலி. நேரே அடுப்படிக்குப் போய், "அம்மா, இந்த இடம் ஓகே" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் நான் ஓகே சொன்னால் போதுமா? அவள் சொல்ல வேண்டுமே. விஜயதசமி அன்றைக்கு அவளைப் பார்க்க வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பையன் ஐ.டி.யாம், சொந்தக் காராம். அதற்கு முன்னால் நாங்கள் போய்விட வேண்டும். முந்தின நாள் ஆயுத பூஜை, அதுவும் செவ்வாய்க்கிழமை. மாதமோ புரட்டாசி. பெண் பார்க்கப் போகவே கூடாத நாள் என்றார் அப்பா. அதனால் நாங்கள் பெண் பார்க்கப் போகவில்லை, கொலு பார்க்கப் போகிறோம் என்று அம்மா முடிவு செய்தாள். "மூணு மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள வாசப்படி மிதிச்சிடணும். லேட்டா வந்தே, உனக்கு நான் பொண்ணு பாக்கறதே இதோட கடைசி" என்று ஒன்பது நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்குத்தானே, காலையில் பட்டறையில் பூஜையை முடித்துவிட்டுக் குளித்துக் கிளம்பினால் தாராளமாகப் போதும் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. நடுவில் நாடகம் என்று ஒன்று இருந்தது.

எங்கள் முதலாளிக்கு ஒரு பைத்தியம் உண்டு. கத்திச் சண்டை ராஜா கதைப் படங்களைக் கிண்டலடித்து அந்தக் காலத்தில் வந்த ஒரு பழைய சிரிப்புப் படம். பெயர் வேண்டாம், அவர் காதில் விழுந்தால் உடனே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார். மதியச் சாப்பாட்டின்போது செல்ஃபோனைத் தூக்குச்சட்டியில் சாய்த்து வைத்து, அடுத்த வசனம் வருவதற்கு முன்பே தான் சிரித்துவிடுவார். நாங்களும் சிரிக்க வேண்டும். அந்த வருஷம் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "நம்ம பட்டறையிலயும் அந்த மாதிரி ஒரு ராஜா நாடகம் போடுங்கப்பா. பூஜைக்கு முன்னாடி அரை மணி நேரம். ரகு நக்கலாப் பேசுவான், அவனே எழுதட்டும், அவனே ராஜா" என்றார். ரகு என்பது அடியேன்.

எழுதினேன். கதை இதுதான். இளவரசியை எதிரி மன்னன் சிறையில் அடைத்துவிட்டான். மீட்கப் போகிற நம் மன்னன் ஒரு கோழை. சிறை வாசலில் காவலாளி கேட் பாஸ் கேட்கிறான். வாங்கி வரத் திரும்பிப் போகிறான் மன்னன். எதிரி கத்தியை உருவினால், இவன் வெர்னியரை வைத்து அதை அளந்து பார்த்து, "நுனி கோணல், ரிஜெக்ட். நாளைக்கு வேற கத்தியோட வா" என்று அனுப்பிவிடுகிறான். கடைசியில் கோட்டைச் சுவரிலிருந்து மன்னன் பாய்ந்து வருகிற காட்சி. அதற்குப் பட்டறையில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் என்னைத் தொங்கவிட்டார்கள். அது ஒரு இழுப்புக்கு ஒரு அங்குலம்தான் இறங்கும். "இதோ பாய்ந்து வருகிறேன் கண்ணே!" என்று நான் அந்தரத்தில் கத்த, கீழே இளவரசியாக நின்ற லேத் ஆபரேட்டர் டிஃபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பமும் விட்ட பிறகுதான் என் கால் தரையைத் தொட்டது. முதலாளி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினார். அந்த அரை மணி நேரம் வெற்றிதான், அதை மறுக்க மாட்டேன்.

தகராறு கவசத்தில். அட்டையில் செய்து வெள்ளித் தாள் ஒட்டினால் போதும் என்றுதான் ஊர் உலகத்தில் செய்வார்கள். ஆனால் எங்கள் ஃபேப்ரிகேஷன் ஆள் டில்லிபாபுவுக்கு அட்டை என்றால் கை ஓடாது. சேத்துப்பட்டில் பிறந்து பாடியில் வளர்ந்தவன், என் உயிர்த் தோழன். மிச்சம் கிடந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (பட்டறை பாஷையில் எஸ்.எஸ்.) தகட்டை ரோலரில் விட்டு வளைத்து, மார்புக்கு ஒன்று முதுகுக்கு ஒன்று என்று இரண்டு துண்டு செய்தான். இரண்டு தோளிலும் இரண்டு விலாவிலுமாக நான்கு போல்ட்டுகள். என் அளவுக்கு அச்சு எடுத்த மாதிரி உட்கார்ந்தது, நடுவில் ஒரு விரல் போகாது.

அவன் கொண்டுவந்த போல்ட்டுகள் சாதா இரும்பு. நான் எடுத்துப் பார்த்தேன். (பார்க்காமல் இருக்க முடியுமா?) "இது டல்லா இருக்கு. ராஜா கவசம்டா. எஸ்.எஸ். போல்ட் போடு" என்றேன்.

"எஸ்.எஸ். நட்டு, எஸ்.எஸ். போல்ட்டு ரெண்டும் ஒண்ணா போட்டா புட்ச்சிக்கும் மாமே, அப்பால கழட்ட வராது. போட்டே ஆவணும்னா கொஞ்சம் கிரீஸாவது தடவிக்கலாம்" என்றான்.

"உள்ளே பட்டுச் சட்டை போட்டிருக்கேன். கறை ஆயிடும். கிரீஸ் வேணாம்."

"அப்ப கையால முறுக்கறேன்."

"கையால முறுக்கினா லூசாகி ஸ்டேஜ்ல விழுந்துடும். ஏர் கன் போட்டு டைட் பண்ணு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, குவாலிட்டியோடு பேசி ஜெயித்தவன் யாருமில்லை என்பதால், ஏர் கன்னை எடுத்தான். நான்கு தடவை 'டர்ர்ர்' என்றது. மணி ஒன்பதரை. செவ்வாய்க்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை எமகண்டம் என்பதைப் பிற்பாடு அம்மாதான் எடுத்துச் சொன்னாள்.

நாடகம் முடிந்து பத்தே கால். பூஜைக்கு நல்ல நேரம் பத்தரையிலிருந்து. சாமி படத்துக்கு முன்னால் வாழை இலைகளைப் பரப்பி, கழுவித் துடைத்த ஸ்பேனர், சுத்தியல், ரம்பம், அரம், வெர்னியர் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று டில்லிபாபு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் என் இடது விலா போல்ட்டைத் திருப்பினான். கால் சுற்று வந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். கவசத்தோடு சேர்ந்து நான் திரும்பினேன்.

"புட்ச்சிகிச்சு" என்றான்.

"மத்த மூணு?"

மற்ற மூன்றும் அப்படியே. அதற்குள் முதலாளி குரல் கொடுத்தார். "பத்தாம் நம்பர் எங்கேப்பா? அது ஒண்ணுதான் பாக்கி! நேரம் ஆவுது!"

இந்த இடத்தில்தான் எங்கள் இரண்டு பேர் மூளையும் ஒன்றாக விடுமுறை எடுத்துக்கொண்டன. "பூஜை முடிஞ்சி அப்பால கழட்டிக்கலாம் மாமே, இன்னா அவசரம்?" என்று டில்லிபாபு ஸ்பேனரை நீட்டிவிட்டான். நானும் சரி என்று தலையாட்டினேன். அது போய் இலையில் உட்கார்ந்தது. பொட்டு வைத்துக்கொண்டது. மெயின் சுவிட்சை அணைத்து அதற்கும் மாலை போட்டார்கள். மணியடித்து, தீபாராதனை காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, என் கையில் பொரி கடலைப் பொட்டலத்தைக் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் மட்டுமல்ல, தொழிற்பேட்டை முழுக்க அதுதான் சட்டம். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் ஸ்பேனர் சத்தத்தில் காது கிழிகிற அம்பத்தூரில், அந்த ஒரே ஒரு நாள் திருகாணி திருகக்கூட ஆள் கிடைக்காது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்து நான் இரும்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளியிடம் போய் நின்றேன். "சார், ஒரே ஒரு ஸ்பேனர். ரெண்டு நிமிஷம்."

"என்னப்பா இது! முப்பது வருஷமா இந்தப் பட்டறையில ஒரு கை பின்னமானதில்ல. படத்துல இருக்கற அந்தம்மா புண்ணியம். உனக்காக எடுத்து நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நன்றாக நடித்ததற்காக வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்து என்மேல் போர்த்தினார். "இதைப் போட்டு மூடிக்கோ. நாளைக்குக் காலையில முதல் வேலையா உன்னைக் கழட்டறோம்."

நாளைக்குக் காலையில் சொந்தக் கார்க்காரன் அல்லவா அங்கே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்!

மணி பதினொன்றரை. டில்லிபாபு என்னை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தான். முதல் பட்டறையில் வாழைக்கன்றும் தோரணமும், பூட்டு. இரண்டாவதும் பூட்டு. பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு லாரி மெக்கானிக் கடை திறந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கடைக்காரர் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார், உட்காரச் சொன்னார் (எனக்குக் குனியவே முடியவில்லை, எங்கே உட்கார?), கதை முழுவதையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாத்தே, ஒரு ஸ்பேனர் குடு. புண்ணியமாப் போவும்" என்றான் டில்லிபாபு.

"பொங்கல் எவ்ளோ வோணும்னாலும் துன்னு நைனா. ஸ்பேனரு மட்டும் கேக்காத. சாமி முன்னாடி கீது."

ஒரு மணி வரைக்கும் ஏழு இடம். எல்லா இடத்திலும் பொரி கிடைத்தது. என் இரண்டு பேண்ட் பாக்கெட்டும் பொரியால் உப்பிப் போயின. வெயில் ஏற ஏறத் தகடு சுட ஆரம்பித்தது. மூச்சை முழுக்க இழுத்தால் விலாவில் இடித்தது, அதனால் அரை மூச்சாக விட்டுக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. ஃபயர் சர்வீஸுக்குப் போகலாமா என்று டில்லிபாபு கேட்டான். போனால் கழட்டுவார்கள், கூடவே ஃபோட்டோவும் எடுப்பார்கள், சாயங்காலத்துக்குள் திருவேற்காடு முழுக்க அதைப் பார்க்கும் என்று நான் மறுத்துவிட்டேன்.

ஃபோன் அடித்தது. அம்மா.

"கிளம்பிட்டியா?"

"வந்துகிட்டே இருக்கேன்மா."

"அந்த நீலச் சட்டை போட்டுக்கோ. எடுப்பா இருக்கும்."

சரிம்மா என்றேன். வேறென்ன சொல்வது? நிஜமாகவே அழுகை வந்தது. போகாமல் இருந்துவிடலாம், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று டில்லிபாபுவிடம் சொன்னேன்.

அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "தா, நாடகத்துலதான் நீ கோழை. நெஜத்துலயுமா? அந்தப் பொண்ணு சிரிச்சிச்சினு எத்தினி நாளா என் காதுல ரத்தம் வர வெச்ச. இப்ப ஊட்டுக்குப் போறியா? நட!"

போவது எதில் என்பது அடுத்த பிரச்சினை. பைக்கில் உட்கார முடியவில்லை. ஆட்டோவுக்குள் குனிய முடியவில்லை. கடைசியில் கம்பெனியின் குட்டியானைக்கு, அதாவது பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டிக்கு, சாவி வாங்கிக்கொண்டு வந்தான்.

"டேய், வண்டிக்கும்தானே பூஜை போட்டாங்க? ஸ்பேனரைத் தொடக்கூடாது, வண்டியை மட்டும் எடுக்கலாமா?"

"சக்கரத்த எலுமிச்சம்பழத்து மேல ஏத்தியாச்சில்ல? வண்டின்னா ஓடணும் நைனா. ஏறு."

இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரோ, அவர் என்மேல் தனிப்பட்ட விரோதம் உள்ளவர்.

வண்டியின் நாலு மூலையிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. முன்னால் சாமந்தி மாலை, பின்னால் வண்ணத் தாள். அதன் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக, கவசமும் பொன்னாடையும், மையில் வரைந்த முறுக்கு மீசையுமாக நான் நின்றேன். மணி இரண்டு. முகப்பேர் சிக்னலில் பக்கத்து பஸ்ஸிலிருந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட்டார். ஸ்கூட்டரில் வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர் மட்டும் எந்தக் கட்சி என்று கேட்டார். அதற்கு மேல் வானகரத்தில் வண்டிகள் அசையவே இல்லை. இரண்டு இருபது. இரண்டரை. அம்மா ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. "டில்லி, டில்லி" என்று கூரையைத் தட்டினேன். அவன் வண்டியைச் சந்தில் திருப்பி, மேட்டிலும் பள்ளத்திலுமாக ஏற்றி இறக்க, ஒவ்வொரு பள்ளத்துக்கும் தகட்டின் விளிம்பு என் மோவாயில் இடித்தது.

இரண்டு ஐம்பதுக்குத் திருவேற்காட்டில் அந்த வீட்டு வாசலில் நின்றோம். அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே வந்து கேட்டருகே காத்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா மெதுவாக, "நீலச் சட்டை எங்கடா?" என்றார்.

படியேறினேன். கூடத்தில் ஏழு படியில் கொலு. அதற்கு முன்னால் ஏகாம்பரம் சார், அவர் மனைவி, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நாலைந்து. கொலுவுக்குக் கீழே வாழை இலையில் அவருடைய ஃபிட்டர் வேலைச் சாமான் அத்தனையும் பளபளவென்று, அளவுப்படி, குங்குமத்தோடு. அதற்குப் பக்கத்தில் தடித்தடிச் சட்டப் புத்தகங்கள். ஒரு குழந்தை என்னைப் பார்த்துவிட்டு, "ஐ! பெரிய பொம்மை!" என்றது.

உள்ளேயிருந்து சுண்டல் தட்டோடு வந்தாள் நித்யா. நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இது என்ன?" என்றார் ஏகாம்பரம் சார்.

விழுந்தடித்துச் சொன்னேன். நாடகம், போல்ட், பூஜை எல்லாவற்றையும். அவர் கிட்டே வந்து, கண்ணாடியை இறக்கிப் போல்ட்டைப் பார்த்தார். முகம் மாறியது. "எஸ்.எஸ். மேல எஸ்.எஸ். கிரீஸ் இல்லாம முறுக்கியிருக்கான். ஐ.டி.ஐ. பையன்கூடப் பண்ண மாட்டான். எந்த மடையன் மாட்டினான் இதை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நித்யாவும் பார்த்தாள்.

"இவன்தான் சார்" என்று டில்லிபாபுவைக் காட்டினேன்.

டில்லிபாபு என்னைப் பார்த்தான். தலையைக் குனிந்து, "ஆமா சார். தெரியாம மாட்டிட்டேன்" என்றான். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. காலையிலிருந்து எனக்காக வெயிலில் ஓடியவன் அவன்.

"கழட்டிடலாம்ல சார்?" என்றாள் அம்மா, கொலுவுக்குக் கீழே இருந்த ஸ்பேனர்களைப் பார்த்தபடி.

"இன்னைக்கா? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்மா எனக்கு. ஆயுத பூஜை அன்னைக்கு டூல்ஸைத் தொட்டதில்ல. இப்பவும் தொட மாட்டேன்" என்றார். வார்த்தையில் மரியாதை இருந்தது, முகத்தில் எங்களை அனுப்பிவிடுகிற யோசனை இருந்தது. மணி இரண்டு ஐம்பத்து நாலு. அம்மாவின் கை பையின் காதை இறுக்கியது. முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாவதில் நான் ரிஜெக்ட்.

அப்போதுதான் நித்யா பேசினாள். "அப்பா, ஒரு நிமிஷம். பூஜையில என்னென்ன வெச்சிருக்கீங்க?"

"எல்லா டூல்ஸும்."

"இரும்பு அறுக்கற ஹேக்ஸா?"

"வெச்சிருக்கேன். பிளேடோட."

"வாசல்ல பெயிண்ட் டப்பாவுல உடைஞ்ச பிளேடு துண்டெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்களே, அது?"

"அது காயலாங்கடைக்குப் போறது. அதைப் போய் எப்படிம்மா சாமிக்கு வெப்பேன்?"

"அப்ப அது ஆயுதம் இல்ல."

"இல்ல."

"ஆயுதம் இல்லாததைத் தொடலாம்ல?"

ஏகாம்பரம் சார் மோவாயைத் தடவிக்கொண்டு, "ஆனா மூணு மணிக்கு ராகு காலம். அதுல எதையும் ஆரம்பிக்கக் கூடாது" என்றார். "அதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுட்டா, நடுவுல நிறுத்த வேண்டியதில்ல" என்று அவரே வழியும் சொன்னார்.

மணி இரண்டு ஐம்பத்தாறு. டில்லிபாபு வாசலுக்குப் பாய்ந்தான். டப்பாவைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. ஆணி, திருகு, பழைய தாழ்ப்பாள் எல்லாம் உருண்டன. "கெட்ச்சிச்சா?" என்று நான் அவன் பாஷையிலேயே கத்தினேன். இரண்டு ஐம்பத்தெட்டு. அரைச் சாண் நீளத் துண்டு ஒன்றோடு ஓடி வந்தான். நித்யா அதை வாங்கி, ஒரு முனையில் கைக்குட்டையைச் சுற்றினாள்.

"நான் அறுக்கறேன், நீங்க குடுங்க" என்றான் டில்லிபாபு.

"வேணாம்ணா. இவருகிட்ட எனக்குக் கேக்க வேண்டியது இருக்கு" என்றவள், பெரியவர்களைப் பார்த்து, "தனியாப் பேசணும்னு சொல்வீங்கல்ல? இதான் அது" என்றாள்.

இடது தோள் போல்ட்டின் நட்டுக்குக் கீழே பிளேடை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

எல்லோரும் அடுப்படிப் பக்கம் போய்விட்டார்கள். கொலுவின் முன்னால் நான் நட்டுவைத்த மாதிரி நிற்க, அவள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அசையாதீங்க. நழுவினா கழுத்து" என்றாள். அசையவில்லை. "பதினோரு பொண்ணை வேணாம்னீங்களாமே?"

"யார் சொன்னா?"

"உங்க அம்மா. முதல் தடவை பேசினப்பவே. ஏன் வேணாம்னீங்க?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் கழுத்துக்குப் பக்கத்தில் பிளேடு இருந்தது, அடுப்படி வாசலில் டில்லிபாபுவின் முதுகு தெரிந்தது. "திமிர்" என்றேன். "வேற ஒண்ணும் இல்லைங்க. டம்ளர் ஆடுச்சுன்னு ஒரு பொண்ணை வேணாம்னேன்."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றேன். "எஸ்.எஸ். போல்ட் போடச் சொன்னது நான்தான். கிரீஸ் வேணாம்னதும் நான். ஏர் கன் போடச் சொன்னதும் நான். அவன் மூணு தடவையும் வேணாம்னான். உங்க அப்பா மடையன்னு சொன்னது என்னைத்தான். உங்க முன்னாடி மானம் போயிடும்னு பயந்து அவன் தலையில போட்டுட்டேன்."

தோள் போல்ட் 'டக்'கென்று அறுந்து விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். விலா போல்ட்டுக்கு வந்தாள். அதை அறுக்கக் கால் மணி நேரம் பிடித்தது. அந்தக் கால் மணி நேரம் நான் விட்டது அரை மூச்சுகூட இல்லை.

"பொய் சொன்ன சாட்சி தானா வந்து உண்மையைச் சொல்லி, பூந்தமல்லி கோர்ட்ல நான் பாத்ததே இல்ல" என்றாள் கடைசியில். அப்புறம்தான் சிரித்தாள். ஃபோனில் கேட்ட அதே சிரிப்பு.

இரண்டாவது போல்ட்டும் அறுந்து, இடது பக்கம் முழுக்க விடுபட, கவசம் கதவு மாதிரித் திறந்தது. ஆறு மணி நேரம் கழித்து முழு மூச்சு இழுத்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தவர்கள் முன்னால், வியர்வையில் ஒட்டிப்போன பட்டுச் சட்டையோடு நின்று, "சார், அந்த மடையன் நான்தான்" என்று ஏகாம்பரம் சாரிடம் சொன்னேன். டில்லிபாபு, "வுடு மாமே, இப்ப அது எதுக்கு" என்று முணுமுணுத்தான், ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. ஏகாம்பரம் சார் அறுந்த போல்ட்டை வாங்கி, வெட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மகளைப் பார்த்தார். அவள் சுண்டல் தட்டை எடுத்து முதலில் டில்லிபாபுவிடம் நீட்டினாள், பிறகு என்னிடம். மறுநாள் வருவதாக இருந்த சொந்தக் கார்க்காரர்களுக்கு அன்று சாயங்காலமே ஃபோன் போய்விட்டது.

நான் இப்போதும் குவாலிட்டியில்தான் இருக்கிறேன். வீட்டில் மட்டும் அந்த வேலையை நித்யா எடுத்துக்கொண்டாள். கவசம் திருவேற்காட்டு வீட்டுக் கொலுவில், கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் நிற்கிறது. யாராவது கேட்டால் டில்லிபாபு கதையை ஆரம்பிப்பான், அவனுக்கு அதில் சலிப்பே கிடையாது. போன வருஷம் சொன்னபோது முகப்பேர் சிக்னலில் எனக்குக் கற்பூரமே காட்டினார்கள் என்றான்.

ஆனால் எல்லோரையும் மிஞ்சியவர் என் மாமனார்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், பொட்டு வைத்து முடித்த கையோடு எனக்கு ஃபோன் செய்வார்.

"மாப்ளே, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் மாமா."

"கையில, கழுத்துல எதுவும் மாட்டிக்கலையே?"

"இல்ல மாமா."

"நல்லது. ஏன் கேக்கறேன்னா, உடைஞ்ச பிளேடு ஒண்ணு இருந்துச்சே, அது செஞ்ச வேலைக்கு அதை ஸ்கிராப்புன்னு சொல்ல மனசு வரல. வருஷா வருஷம் அதுக்கும் சேர்த்துப் பொட்டு வெச்சிடறேன். அதனால இனிமே எதுல மாட்டினாலும் நாளைக்குக் காலையிலதான்."